தெளிந்த நீரில் சேரும் நைட்ரேட்

வீட்டு மீன்தொட்டியின் நீர் தெளிவாக இருந்துவிட்டால் அது தூய்மையாகவும் இருக்கிறது என்று கொள்வது மீன் வளர்ப்போரிடையே பரவலாக உள்ள எண்ணம். வடிகட்டியின் பஞ்சு தடுத்து நிறுத்துவது கண்ணுக்குத் தெரியும் தூசியையும் கழிவுத் துணுக்குகளையும் மட்டுமே. நீரில் கரைந்துவிட்ட பொருள்கள் அதன் ஊடே தடையின்றிச் சென்று மீண்டும் தொட்டிக்கே வந்து சேர்கின்றன. அவற்றுள் நிறமும் மணமும் அற்றதாய், வெளியேற வழியில்லாத சிறு தொட்டிக்குள் வாரந்தோறும் ஏறிக்கொண்டே போவது நைட்ரேட்.

மீன் உண்ட தீவனத்தின் புரதம் உடலில் சிதைவுறும்போது, அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியாவாக மாறிச் செவுள்கள் வழியே நீரில் கலக்கிறது. தின்னாமல் விடப்பட்ட தீவனமும் அழுகும் இலைகளும் இதே அம்மோனியாவைத் தருகின்றன. மீனுக்குக் கொடிய நஞ்சான இந்த அம்மோனியாவை, வடிகட்டியிலும் சரளைக் கற்களின் மேலும் ஒட்டி வாழும் நுண்ணுயிரிகளில் ஒரு சாரார் நைட்ரைட்டாக மாற்ற, நஞ்சேயான அந்த நைட்ரைட்டை மற்றொரு சாரார் நைட்ரேட்டாக மாற்றுகின்றனர். நைட்ரோஸ்பைரா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சில நுண்ணுயிரிகள் இவ்விரு படிகளையும் தாமே முடித்துவிடுகின்றன என்பது 2015இல்தான் தெரியவந்தது. அவற்றுள் சில, மீன் பண்ணை நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டி ஒன்றிலிருந்தே வளர்த்தெடுக்கப்பட்டவை. புதிதாக அமைத்த தொட்டியில் இவை நிலைபெறச் சில வாரங்கள் ஆகும் என்பதால், அம்மோனியாவும் நைட்ரைட்டும் மறைந்து நைட்ரேட் தென்படத் தொடங்குவது தொட்டி உயிர்களுக்கு ஏற்றதாகி வருகிறது என்பதற்கு அடையாளமாகிறது. ஆகவே நைட்ரேட் இருப்பது குற்றமன்று. அது அகற்றப்படாமல் தேங்குவதே தொல்லை.

இந்த அறிவு வந்த வழியில் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் இடம்பெற்றுள்ளன. லண்டனில் வாழ்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே கலத்தில் வைத்து, நீரை மாற்றாமலே நெடுநாள் காக்க முடிந்ததை 1850இல் அறிவித்தார். வீட்டு மீன்தொட்டியின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே தொடங்குகிறது. தந்தையின் பெயரையே தாங்கிய அவருடைய மகன், ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, அம்மோனியா நைட்ரேட்டாவது இரு படிகளில் நிகழ்கிறது என்பதை நிறுவினார். தந்தையின் கலத்தினுள் கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது என்ன என்பதை மகன் வயல் மண்ணில் கண்டார் என்றே சொல்லலாம்.

நைட்ரேட் எவ்வளவு சேரும் என்பதைத் தீவனப் பொட்டலத்தைக் கொண்டே கணக்கிடலாம். பொட்டலத்தில் புரதம் 40 விழுக்காடு என்று அச்சிடப்பட்டிருந்தால், 1 கிராம் தீவனத்தில் 400 மில்லிகிராம் புரதமும், புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன் என்பதால் 64 மில்லிகிராம் நைட்ரஜனும் உள்ளன. அந்த நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறக்குறைய 280 மில்லிகிராம் கிடைக்கும். 100 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் உயர்வு. மீனின் வளர்ச்சிக்கும் செடிகளுக்கும் ஒரு பகுதி போய்விடும் என்றாலும், நாளொன்றுக்கு 1 கிராம் போட்டுவரும் தொட்டியில் வாரத்திற்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஏறினால் வியப்படைய ஒன்றுமில்லை. குழந்தைகள் ஆசையோடு தூவும் கூடுதல் ஒரு சிட்டிகையும் இந்தக் கணக்கில் சேர்ந்தே தீரும். நைட்ரேட்டை அடக்க வழி தேடுவோர் மருந்துக் குப்பிகளை வாங்குவதற்கு முன், இரண்டொரு நிமிடத்தில் மீன்கள் தின்று தீர்க்கும் அளவுக்குத் தீவனத்தைக் குறைத்துப் பார்ப்பதே முறை.

அளப்பதற்குக் கடைகளில் இருவகைப் பொருள்கள் கிடைக்கின்றன. நீரில் தோய்த்து எடுக்கும் தாள் பட்டை விரைவானது, ஆனால் தோராயமானது. சொட்டு மருந்துகளும் சோதனைக் குழாயும் கொண்ட திரவப் பெட்டி சற்று மெனக்கெட வைத்தாலும் நம்பத்தக்கது. இவ்வகைப் பெட்டிகள் பொதுவாக நைட்ரேட்டை நேரடியாகக் காட்டுவதில்லை. துத்தநாகம் போன்ற உலோகத்தின் நுண்தூள் நைட்ரேட்டின் ஒரு பகுதியை நைட்ரைட்டாகத் திருப்ப, அந்த நைட்ரைட்டுடன் மற்ற மருந்துகள் வினைபுரிந்து சிவப்புச் சாயத்தை உண்டாக்குகின்றன. ஜெர்மானிய வேதியியலாளர் பீட்டர் கிரீஸ் 19ஆம் நூற்றாண்டில் கண்டறிந்த வினையே இதற்கு அடிப்படை. பெரும்பாலான தவறான அளவீடுகள் இந்தத் தூளிலேயே பிறக்கின்றன. குப்பி பல வாரம் அசையாமல் நின்றிருக்க, தூள் அடியில் படிந்து இறுகிவிடுகிறது. மேலே உள்ள தெளிவான திரவத்தை மட்டும் சொட்டினால், நைட்ரேட் மிகுந்த நீரும் மஞ்சளாகவே நின்று, எல்லாம் நலம் என்று காட்டிவிடும். அதனால் அக்குப்பியை அரை நிமிடமாவது வேகமாகக் குலுக்கியும் அடியைத் தட்டியும் பயன்படுத்துவதோடு, மருந்து கலந்த குழாயையும் தாளில் குறித்த நேரம் முழுதும் குலுக்கி, குறித்த நிமிடங்கள் காத்திருந்து, பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின் முன் வைத்து நிறத்தை ஒப்பிட வேண்டும்.

நிற அட்டையின் மேற்பகுதியில் 40க்கும் 80க்கும் இடையிலான சிவப்புகளைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். அத்தகைய நிலையில் தொட்டி நீர் ஒரு பங்குடன் டிஸ்டில்டு வாட்டர் மூன்று பங்கு கலந்து சோதித்து, கிடைக்கும் எண்ணை நான்கால் பெருக்கினால் தெளிவான விடை கிடைக்கும். நைட்ரைட் இன்னும் நீங்காத புதுத் தொட்டியில், அதுவும் அதே சாயத்தைத் தருவதால் நைட்ரேட் அளவு உண்மைக்கு மேலாகக் காட்டும் என்பதையும் கருத வேண்டும். மற்றொரு குழப்பம் அலகில் உள்ளது: சில பெட்டிகள் நைட்ரேட்டின் முழு எடையையும், சில அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் குறிக்கின்றன. பின்னதை 4.43ஆல் பெருக்கினால் முன்னது வரும். இதைக் கவனியாமல் 10 என்ற எண்ணைக் கண்டு நிம்மதி அடைபவரின் தொட்டியில் உண்மையில் 44 மில்லிகிராம் இருக்கக்கூடும்.

எந்த அளவு வரை பாதுகாப்பு என்பதற்கு எல்லா மீன்களுக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. நன்னீர்த் தொட்டிகளில் லிட்டருக்கு 20 மில்லிகிராமை ஒட்டி வைத்துக்கொள்வதும் 40ஐத் தாண்ட விடாதிருப்பதும் வளர்ப்போரிடையே நிலவும் வழக்கம். பவளத் தொட்டிகளுக்கு இதைவிட மிகக் குறைந்த அளவே ஏற்றது. நைட்ரேட் செவுள்கள் வழியே எளிதில் உட்புகாததால் அம்மோனியாவைப் போல உடனடியாகக் கொல்வதில்லை. ஆனால் உடலுக்குள் சேர்ந்தது குருதியின் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் குறைக்கக்கூடும். முட்டைகளும் குஞ்சுகளும் வளர்ந்த மீன்களைவிட எளிதில் பாதிப்படைகின்றன.

தொட்டி நீரைச் சோதிப்பவர்கள் பலர், தொட்டிக்குள் ஊற்றும் நீரைச் சோதிப்பதில்லை. உரமிட்ட வயல்களிலிருந்தும் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் நைட்ரேட் நிலத்தடிக்கு இறங்குவதால், தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இந்தியக் குடிநீர்த் தரநிலை வகுத்துள்ள 45 மில்லிகிராம் வரம்பைக் கடந்த கிணறுகள் உள்ளன. அவ்வாறான போர்வெல் நீரைக் கொண்டு எத்தனை முறை மாற்றினாலும் தொட்டியின் அளவு அதற்குக் கீழே இறங்காது. நீரைக் கொதிக்க வைத்தால் நைட்ரேட் ஆவியாகிப் போகாது. நீர் குறைவதால் செறிவு கூடவே செய்யும். ஆண்டி குளோரின் சொட்டுகள் குளோரினை நீக்குமேயன்றி நைட்ரேட்டைத் தொடுவதில்லை. ஆர்.ஓ. நீரையோ, கூரையைக் கழுவிய முதல் மழையை ஒதுக்கிவிட்டுப் பிடித்த மழைநீரையோ வழக்கமான நீருடன் கலப்பதே இங்குப் பயன் தரும். அவற்றில் உப்புகள் மிகக் குறைவாதலால் தனித்து ஊற்றுவது நல்லதன்று.

நீர் மாற்றுவதன் கணக்கு எளியதாயினும் பலரும் எண்ணிப் பாராதது. வாரந்தோறும் 10 மில்லிகிராம் ஏறும் தொட்டியில், நைட்ரேட் அற்ற நீரால் வாரந்தோறும் கால் பங்கு மாற்றப்பட்டால், மாற்றுவதற்கு முந்தைய அளவு காலப்போக்கில் 40இல் சென்று நிலைக்கும். பாதி மாற்றப்பட்டால் 20இல் நிலைக்கும். வார உயர்வை, மாற்றும் நீரின் பங்கால் வகுத்தால் இந்த எண் கிடைத்துவிடும்; ஊற்றும் நீரிலேயே 30 மில்லிகிராம் இருந்தால் அந்த முப்பதும் இதனுடன் கூடும். பல மாதங்களாகப் பத்து விழுக்காடு மட்டும் மாற்றிவரும் தொட்டியில் அளவு 100ஐ நோக்கிச் செல்வது மீன்களின் குற்றமன்று, வகுத்தலின் விளைவு.

செடிகள் இதில் உண்மையான துணை. வேகமாக வளரும் ஹார்ன்வொர்ட், வாலிஸ்நேரியா போன்றவையும், இலைகளை வெளியே விட்டு வேர்களை மட்டும் நீரில் நனைத்து வளர்க்கும் மணி பிளாண்டும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உணவாக்கிக்கொள்கின்றன. ஆயினும் அவற்றை அவ்வப்போது கத்தரித்து வெளியேற்றினால்தான் நைட்ரஜன் தொட்டியை விட்டுப் போகும். நீருக்குள்ளேயே அழுகவிட்டால் எடுத்ததையெல்லாம் திருப்பித் தந்துவிடும். வடிகட்டிப் பஞ்சில் அடைந்த சேறும் அவ்வாறே சிதைந்து நைட்ரேட்டாகும் என்பதால் அதை அலச வேண்டும். நுண்ணுயிரிகள் குளோரினால் அழியாதிருக்க, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

நெடுநாள் கவனிக்கப்படாத தொட்டியைச் சீர்செய்வதற்குப் பொறுமை வேண்டும். அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகி, அதைத் தாங்கும் காரத்தன்மை சிறிது சிறிதாகத் தீர்ந்து, நீரின் பி.ஹெச். அளவு இறங்கிவிடுகிறது. அது 6ஐ ஒட்டி இறங்கும்போது நுண்ணுயிரிகளின் வேலையே தளர்ந்து, அம்மோனியா தீங்கு குறைந்த அம்மோனியமாகத் தங்கிவிடுகிறது. பழைய மீன்கள் இதற்குப் பழகிவிட, புதிதாக விடப்படும் மீன் மட்டும் ஓரிரு நாளில் இறப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இந்நிலையில் நைட்ரேட் 100க்கு மேல் இருப்பதைக் கண்டு பதறி, ஒரே நாளில் முக்கால் பங்கு நீரை மாற்றினால், புதுநீரின் காரத்தால் அம்மோனியம் மீண்டும் நச்சு அம்மோனியாவாகி, அதுவரை பிழைத்திருந்த மீன்களும் மடிந்துபோகலாம். முதலில் அம்மோனியாவையும் பி.ஹெச். அளவையும் சோதித்து, தீவனத்தை மிகக் குறைத்து, நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மட்டும் இரண்டு வாரம் வரை மாற்றி, மூன்று நாளைக்கு ஒருமுறை சோதனை முடிவுகளைத் தேதியோடு குறித்து வர வேண்டும். தொட்டி நீரின் பி.ஹெச். அளவு ஊற்றும் நீரினதை நெருங்கிய பிறகே மாற்றும் பங்கைக் கூட்டுவதும், புதிய மீன்களை விடுவதும் தகும்.