சிசுவுக்குச் செரிக்காத சர்க்கரை

தாய்ப்பாலில் குழந்தையால் ஜீரணிக்கவே இயலாத ஒரு வஸ்து கணிசமாக இருக்கிறதாமே, அது மெய்தானா, மெய்யென்றால் அது அங்கே எதற்காக இருக்கிறது என்று மன்னார்குடி வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். மெய்தான். தாய்ப்பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் பிள்ளையை வளர்க்கும் விதத்தைப் பற்றி நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை; ஆனால் அவர் சுட்டிய அந்த வஸ்துவின்மேல் எனக்கு நெடுநாளாகவே தீராத வியப்பு உண்டு.

அதன் பெயர் ஒலிகோசாக்கரைடு. குளுக்கோஸ், காலக்டோஸ், பியூகோஸ் முதலிய ஐந்து அடிப்படைப் பொருள்களைப் பலவிதமாகக் கோத்துத் தாயின் உடல் தயாரிக்கும் இச்சர்க்கரைச் சங்கிலிகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டிருக்கின்றன. ஒரு லிட்டர் பாலில் 5 முதல் 15 கிராம் வரையிலும், சீம்பாலில் 20 கிராமுக்கு மேலும் இருக்கும் இவை, லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மூன்றாம் ஸ்தானத்தை வகிக்கின்றன; பசும்பாலிலோ இவை மிகச் சொற்பம். இவ்வளவு சிரமப்பட்டுத் தாயுடல் ஆக்கும் இப்பொருளை உடைப்பதற்கு வேண்டிய நொதிகள் சிசுவின் குடலில் இல்லாமையால், இரைப்பையையும் சிறுகுடலையும் பெரும்பாலும் மாறாமலே கடந்து, அது பெருங்குடலைச் சென்றடைகிறது.

எங்கள் ஊர்க் களத்தில் நெல் அளக்கும்போது, காவல்காரருக்கு உரிய பங்கை அங்கேயே அளந்து கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை வண்டியில் ஏற்றுவார் என் பாட்டனார். அதுபோலத் தாயும் தன் பாலில் ஒரு பங்கைப் பிள்ளையின் குடலைக் காக்கும் நுண்ணுயிர்களுக்கென்றே அளந்து வைக்கிறாள்.

இக்காவலர்களை முதன்முதல் கண்டவர் பாரிஸ் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி டிசியே. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில், கவட்டைபோல் கிளைத்த உருவமுடைய நுண்ணுயிர்கள் மிகுந்திருப்பதை அவர் 1899-இல் கண்டறிந்தார். அவற்றைத் தழைக்கச் செய்யும் பொருள் பாலில் எதுவென்று, ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பால் கியோர்கி என்ற குழந்தை மருத்துவர் தேடினார். 1950-களில் அவரும் ஜெர்மனியின் ரிச்சர்ட் கூனும் செய்த ஆராய்ச்சிகள் இச்சர்க்கரைகளையே சுட்டின.

கவட்டை உருவ நுண்ணுயிர்க் கூட்டத்தில் இன்பான்டிஸ் என்ற ஒன்றுதான் என் அபிமானத்துக்குரியது. பிஃபிடம் என்னும் அதன் உறவினன் சர்க்கரைச் சங்கிலியைத் தன் உடலுக்கு வெளியே வெட்டித் தின்பதால், சிதறும் துண்டுகள் அயலாருக்கும் கிடைக்கின்றன; இன்பான்டிஸோ, தன் மேற்புறத்திலுள்ள புரதங்களால் சங்கிலியை முழுசாகப் பற்றி உள்ளே இழுத்து, அங்கேயே நிதானமாக வெட்டுவதால், பசித்திருக்கும் அந்நியக் கிருமிகளுக்கு அதன் பந்தியில் மிஞ்சுவது ஏதுமில்லை. 2008-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் அதன் மரபணுத் தொகுதியை முற்றும் வாசித்து வெளியிட்டபோது, மனிதப் பாலின் சர்க்கரையைப் பற்றி இழுக்கவும் வெட்டவும் வேண்டிய மரபணுக்கள் ஒரே இடத்தில் வரிசையாக அமைந்திருக்கக் கண்டார்கள். ஒரு தாயின் பாலுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவனுக்கும் யுகயுகமாக நிலவிய பந்தம் அங்கே எழுத்தாகப் பதிந்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். தின்றதற்குக் கைம்மாறாக அது அசெட்டிக் அமிலத்தையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிட்டுக் குடலைப் புளிப்பாக்குகிறது. அப்புளிப்பில் தீய கிருமிகள் பல தழைப்பதில்லை. தவிரவும், சில சங்கிலிகள் குடற்சுவரின் மேலுள்ள சர்க்கரைகளைப் போன்ற உருவம் கொண்டிருப்பதால், வயிற்றுப்போக்கைத் தரும் சில கிருமிகள் ஏமாந்து அவற்றைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுகின்றன.

வங்காளதேசத்திலும் காம்பியாவிலும் சிசுக்களின் குடலில் ஏராளமாகக் காணப்படும் இன்பான்டிஸ், செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் அருகிப்போயிற்று.

காவலருக்குரிய இப்பங்கு பிள்ளைக்குச் சேராதபடி செய்யும் பிழைகள் நம் வீடுகளில் இல்லாமலில்லை. சர்க்கரைச் சங்கிலிகள் மிகுதியாக நிறைந்த சீம்பாலை, நிறம் மஞ்சளாக இருக்கிறதென்று பீச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று தேனையும் சர்க்கரைத் தண்ணீரையும் பிள்ளையின் நாவில் தடவும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. தேனில் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயை விளைக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடுமாதலால், ஓராண்டு நிறையாத சிசுவுக்கு அதைத் துளியும் கொடுக்கலாகாது. புட்டிப்பால் மாவை விளம்பரம் செய்வதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. ஆயினும் மாவு டப்பா அந்தஸ்தின் சின்னமாக வீட்டுக்குள் வருவதைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. நோயினாலோ வேறு காரணத்தாலோ பால் கொடுக்க இயலாத தாய்மாரைப் பழிப்பதும் கொடுமையே. அவர்களுக்கு வேண்டியது வைத்தியரின் துணையும் வீட்டாரின் அன்பும்.

பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைப் புகட்ட உதவுங்கள். ஆறு மாதம் வரை பாலைத் தவிர வேறெதையும், தண்ணீரையுங்கூட, கொடுக்காதீர்கள். பேறுகால விடுப்பு என்பதையே அறியாமல் செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் உழலும் பெண்கள் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்க நிழலும் நேரமும் ஒதுக்கும்படி, வேலை வாங்குவோரை மிகவும் வேண்டிக்கொள்கிறேன்.