குடைந்தெடுக்கும் அருவி

மலைநாட்டுப் புகையிரதப் பாதை 1885ஆம் ஆண்டிலே நானுஓயாவை எட்டியது. அப்பாதையில், கொட்டகலைக்கும் தலவாக்கலைக்கும் இடையே செல்வோர் சாளரத்தை விட்டு அகலாது நோக்கும் காட்சி ஒன்று உண்டு. தேயிலைச் சரிவுகளின் நடுவே, கொத்மலை ஓயா மூன்று பாறைப் படிகளில் விழுந்து இறங்குகின்றது. அதுவே சென் கிளேயர் நீர்வீழ்ச்சி. அதன் உயரம் ஏறத்தாழ 80 மீற்றர்; அகலம் 50 மீற்றர். இக்காட்சியை மாதிரிப் புகையிரதப் பாதையோடு ஒரு மேசைமேல் அமைப்பது எவ்வாறு?

சமவெளிப் பாதைக்குத் தட்டைப் பலகை போதும். மலைநாட்டுப் பாதைக்கு அது போதாது. இங்கே நிலம் தண்டவாளத்துக்கு மேலே எழுவதோடு, கீழேயும் ஆழ்ந்து செல்கின்றது. பலகைமேல் மலையைக் கட்டலாம். பள்ளத்தாக்கைக் குடைந்தே எடுக்க வேண்டும். ஆதலால், நுரைத் தகடுகளைப் பல அங்குலத் தடிப்புக்கு அடுக்கி, அவற்றின் மேலே தண்டவாளத்தைப் பதிப்பர். நாம் ரெஜிபோம் என்று வழங்கும் வெண்தகடு மலிவானது. ஆயினும் வெட்டும்போது மணிமணியாக உதிரும். கட்டடங்களில் வெப்பந் தடுக்கப் பயன்படும் நெருக்கமான பொலிஸ்ரைரீன் தகடே கத்திக்கு நன்கு இணங்கும்.

அடுத்தது அளவு. 87இல் ஒரு பங்கு என்ற வழக்கமான அளவில், இவ்வருவி 92 சென்ரிமீற்றர் உயரமும் 57 சென்ரிமீற்றர் அகலமும் வேண்டும். அத்தனை இடம் இல்லையெனில், அதனைப் பாதியாகக் குறைத்து மேசையின் பின்புறத்தில் வைக்கலாம். தொலைவிலுள்ளது சிறிதாகத் தோன்றுவது இயல்பாதலின், கண் அதனை ஏற்றுக்கொள்ளும்.

செதுக்கும்போது நீரை மறந்துவிட வேண்டும். நீருக்குத் தனி வடிவம் இல்லை. பாறை கொடுப்பதே அதன் வடிவம். படி நீண்ட இடத்தில் நீர் விரியும், பிளவில் ஒடுங்கும், முனையில் மோதி நுரைக்கும். எனவே படிகளையும் பிளவுகளையும் கத்தியாலும் அரத்தாலும் முதலில் அமைத்துக்கொள்க. சூடேற்றிய கம்பியும் இலகுவாக வெட்டும். ஆனால் அதன் புகை தீங்கானது, காற்றோட்டம் அவசியம். கரைப்பான் கலந்த பசையும் விசிறும் வர்ணமும் நுரையைக் கரைத்துவிடும். நீரிற் கரையும் பசையையும் வர்ணத்தையுமே கையாளுக. செதுக்கிய பரப்பின்மேல் மெல்லிய சாந்து பூசி, அது உலர்ந்தபின் பாறை நிறம் தீட்டுக.

இறுதியில் நீர். தடாகத்துக்குத் தெளிந்த பிசினை மெல்லிய படைகளாக, ஒன்று இறுகியபின் மற்றொன்றாக வார்க்க வேண்டும். ஒரே முறையில் தடிப்பாக வார்த்தால், இறுகும் வெப்பம் நுரையைச் சிதைக்கலாம். விழும் நீருக்கு, ஒளிபுகும் சிலிக்கோன் பசையை வழவழப்பான தாளில் இழைகளாக இழுத்து, உலர்ந்தபின் உரித்துப் பாறையில் ஒட்டுவர். மோதும் இடங்களில் மட்டும் வெண்மை தீட்டினாற் போதும்.

இனி ஒரு முடிவு எஞ்சியுள்ளது: எந்த ஆண்டின் அருவி? 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்தின் அணை, இவ்வருவிக்கு மேலே தலவாக்கலையில் உள்ளது. ஆற்றுநீர் சுரங்கவழியே மின்னிலையத்துக்குத் திருப்பப்படுகின்றது. அருவிக்குப் பகற்பொழுதில் நீர் விடுவதற்கு ஏற்பாடு செய்யப்பட்டது. பழைய பெருக்கை அமைப்பவர் பாறையை மறைக்கும் நீரைத் தொங்கவிடுவார். இன்றைய அருவியை அமைப்பவர் பாறையையே கூடுதலாகக் காட்ட வேண்டியவராவார். இரண்டும் உண்மையே. எதனை அமைத்தாலும் அதன் ஆண்டை மேசையோரத்தில் எழுதி வையுங்கள். காணும் சிறுவர், இந்த ஆறு எவ்வாறு ஓடியது என்பதை அறிந்துகொள்வர்.