சேவல் ஏன் ஆள்மேல் பாய்கிறது?

விடைச்சேவல் ஏறக்குறைய 5, 6 மாத வயதில் பருவத்துக்கு வருகிறது. விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் கொண்டையைச் சிவக்க வைக்கிறது; கூவவும் சண்டையிடவும் தூண்டுகிறது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆய்வாளர் அர்னால்ட் பெர்த்தோல்ட் விரைகளின் இந்தப் பங்கைச் சோதனை செய்தே காட்டினார். விரை நீக்கிய சேவல்களுக்குக் கொண்டை சிறுத்தது, சண்டைக் குணம் போனது. விரையை வயிற்றுக்குள் வேறிடத்தில் பதித்த சேவல்களோ வழக்கம்போலக் கூவின, மோதின. பழைய நரம்புத் தொடர்பு அறுந்தும் அப்படி நடந்ததால், தூண்டுதல் ரத்தத்தின் வழியே போகிறது என்று அவர் முடிவுகட்டினார்.

ஆளைத் தாக்கும் சேவல், பெரும்பாலும் அவரைப் பெட்டைகளுக்குப் போட்டியாக வந்த இன்னொரு சேவலாகவே எடுத்துக்கொள்கிறது. பாயுமுன் அறிகுறி தெரியும்: ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசும்படி தாழ்த்தி, பக்கவாட்டில் அரைவட்டமாக நடக்கும், கழுத்து இறகு குடைபோல் விரியும். அந்த நேரம் திரும்பி ஓடினால் ஆள் தோற்றதாகவே கணக்கு. அடுத்த முறை இன்னும் துணிந்து வரும். உதைப்பதும் வீண், சண்டைக்கு இசைந்ததாகிவிடும். முறத்தையோ பலகையையோ குறுக்கே பிடித்து, அது விலகும்வரை அசையாமல் நிற்பதே சரி.

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள் இருந்தால் சேவல்களுக்குள் மோதல் குறையும். கால்முள்ளின் நுனியை அரத்தால் மழுக்கலாம். உள்ளே ரத்தம் ஓடும் எலும்பு இருப்பதால் அடியோடு வெட்டக்கூடாது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வைத்தியமெல்லாம் போதாது; சேவலைத் தனியே அடைத்துவிட வேண்டும். முரட்டுக் குணம் ஓரளவு பரம்பரையாகவும் வருவதால், அப்படிப்பட்ட சேவலோடு சேர்ந்த பெட்டையின் முட்டைகளை அடைவைப்பதில்லை.