பிரைமர் அடிச்சதும் அம்மோனைட் நத்தையான கதை

போன கோடையில, பெரம்பலூர் வீட்டு மொட்டை மாடியில நான் பண்ண ஒரு சொதப்பல்ல இருந்து இன்னைக்கு எபிசோடை ஆரம்பிக்கிறேன்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு காலத்துல கடல். காரை கிராமத்துச் செம்மண் பள்ளங்கள்ல சுமார் 10 கோடி வருஷத்துக்கு முந்தைய கடல் உயிர்களோட புதைபடிவங்கள் கிடைக்குது. அதுல ஸ்டார், அம்மோனைட். பார்க்க நத்தை மாதிரி சுருண்டிருக்கும், ஆனா கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும்தான் சொந்தம். ஓட்டுக்குள்ள வரிசையா அறைகள். அறைச் சுவர் ஓட்டோட சேர்ற இடத்துல இலை நுனி மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு கோடு ஓடும். அதுக்குப் பேர் சூச்சர். அம்மோனைட் வகைகளைப் பிரிச்சுச் சொல்ல ஆய்வாளர்கள் பார்க்கிற முக்கியமான அடையாளங்கள்ல அது ஒண்ணு.

அக்கா பையனோட ஸ்கூல் கண்காட்சிக்காக அப்படி ஒரு அம்மோனைட்டை ரெசின்ல 3டி பிரிண்ட் பண்ணேன், 5 செ.மீ. அகலத்துல. கல்லு இருந்த இடத்துலயே இருக்கட்டும், மாடலை மட்டும் பசங்க கையில கொடுக்கலாம்ங்கிறதுதான் ஐடியா. பிரிண்ட் அருமையா வந்துச்சு. அப்புறம் மூணு கோட் பிரைமர் அடிச்சேன். பையன் வாங்கிப் பார்த்துட்டு, "மாமா, இது நத்தைதானே?"ன்னான். சூச்சர் மொத்தமும் போச்சு.

ஏன் போச்சுன்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்தக் கோட்டோட அகலம் 0.2 மி.மீ., அதாவது 200 மைக்ரான். காய்ஞ்ச ஒரு கோட் பிரைமர் 20 மைக்ரான்னு வெச்சுக்கோங்க. மூணு கோட் 60. பள்ளத்துக்கு ரெண்டு பக்கமும் சுவர் இருக்கு, அப்போ 120. மிச்சம் 80 மைக்ரான்தான். போதாக்குறைக்கு, ஈரமான பெயின்ட் மேட்டை விட்டு வழிஞ்சு பள்ளத்துலதான் தேங்கும். அதனால நெஜத்துல இதைவிட மோசமா இருக்கும்.

இன்னொரு தப்பும் பண்ணேன். கார் பெயின்ட் கடையில கேன் வாங்கும்போது லேபிளைப் படிக்கலை. அது ஃபில்லர் பிரைமர். வண்டியில இருக்கிற கீறலை நிரப்புறதுக்குன்னே தயாரிச்சது. என் சூச்சரையும் கீறல் கணக்குல சேர்த்து நிரப்பிடுச்சு. லேபிள்ல 'ஃபில்லர்', 'சர்ஃபேசர்'னு இருந்தா மினியேச்சருக்கு வேண்டாம்.

இதுல வேடிக்கை என்னன்னா, மெல்லிசா பூசினா டீடெயில் இன்னும் நல்லா தெரியும். புதைபடிவத்தை போட்டோ எடுக்கறவங்க நவச்சாரத்தைச் சூடாக்கி, அந்த வெள்ளைப் புகையைக் கல்லு மேல படிய விடுவாங்க. ஆமா, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது போடுற அதே நவச்சாரம். கல்லோட கறை, நிறம் எல்லாம் மறைஞ்சு மேடும் பள்ளமும் மட்டும் வெளிச்சத்துல எழுந்து நிக்கும். வேலை முடிஞ்சதும் தண்ணியில கழுவிடலாம். பிரைமரும் அப்படி ஒரு புகைப்படலம் மாதிரி உட்காரணும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இல்லை.

ரெண்டாவது பிரிண்ட்டுக்கு நான் பண்ணது இதுதான்.

முதல்ல சுத்தம். ரெசின் பிசுக்கைக் கழுவி, க்யூர் பண்ணி, முழுசா காய விட்டேன். பிளாஸ்டிக் மாடல்னா பாத்திரம் கழுவுற சோப்பும் பழைய டூத் பிரஷும் போதும்.

அடுத்தது நேரம். நம்ம ஊர் மே மாச மத்தியானத்துல, துளி மாடலைத் தொடுறதுக்குள்ள காத்துலயே காய்ஞ்சிடும். மேற்பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு ஆகும். ஐப்பசி மழை ஈரத்துல அடிச்சா வெளுத்துப் போகும். காலையில ஈரம் போன பிறகு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அடிங்க. சிமென்ட் லாரி போற ரோட்டோரம் வீடுன்னா, அட்டைப் பெட்டிக்குள்ள மாடலை வெச்சு அடிங்க. காயற வரைக்கும் பெட்டியை மூடி வைங்க.

கேனை நிழல்ல வெச்சு ரெண்டு நிமிஷம் நல்லா குலுக்கணும். தூரம் ஒரு சாண். கிட்ட போனா தேங்கும், ரொம்பத் தள்ளிப் போனா பொடியாகும். மாடலுக்கு வெளியில அழுத்த ஆரம்பிச்சு, அரை செகண்ட்ல குறுக்கே கடந்து, வெளியிலயே விடணும். ஏன்னா கேன்ல இருந்து குண்டு குண்டா துளி வர்றது அழுத்துற நேரத்துலயும் விடுற நேரத்துலயும்தான். மாடலைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் இதே மாதிரி.

முதல் கோட்டுக்கு அப்புறம் ரெசின் நிறம் திட்டுத் திட்டா தெரியும். தெரியட்டும். "இன்னும் கொஞ்சம்"னு கை போகும் பாருங்க, அங்கதான் நான் விழுந்தேன். 15 நிமிஷம் கழிச்சு ரெண்டாவது மெல்லிய கோட். அதோட கேனைக் கீழ வெச்சிடுங்க. பிரைமர் வேலை பெயின்ட்டுக்குப் பிடிமானம் கொடுக்கிறது மட்டும்தான். மறைக்கிற வேலையைப் பெயின்ட் பார்த்துக்கும்.

மாஸ்க் கட்டாயம். கேன்ல இருக்கிற வாயு தீப்பிடிக்கும், அதனால அடுப்புப் பக்கம் வேண்டாம். புது கேன்னா, வெட்டிப் போட்ட சப்போர்ட் துண்டுல முதல்ல அடிச்சுப் பாருங்க.

ரெண்டாவது மாடலைக் கொடுத்தப்போ பையன் விரலால கோட்டைத் தடவிட்டு, "இது என்ன மாமா, இலை மாதிரி?"ன்னான். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு பாடும்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.