அடுக்களையில் பிறந்த எழுத்து

முன்னுரை

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்துள்ள சீயமங்கலம், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலால் புகழ் பெற்றது. 'அவனிபாஜன பல்லவேசுவரம்' என அக்கோயிலைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் உள்ளது. மன்னன் எழுத நினைத்தபோது கல்லும் உளியும் சிற்பியும் அவன்முன் நின்றனர். அவ்வூர்களின் வயல்களில் நாற்று நட்டும் களையெடுத்தும் வாழ்ந்து மறைந்த உழவர் இல்லத்துப் பெண்களுக்கோ ஓர் ஓலையும் வாய்த்ததில்லை. அவர்தம் நெஞ்சில் எழுதும் ஆசை இருந்ததா? இருந்திருப்பின் அஃது என்னவாயிற்று? இவ்வினாக்களுக்கு விடையளிக்கத்தக்க ஒரு நெடிய வாழ்வு வங்காளத்தில் வாழப்பெற்றது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராசசுந்தரி தேவி

இன்றைய வங்காளதேசத்தின் பாப்னா பகுதியில், போதாஜியா என்னும் சிற்றூரில் 1810-ஆம் ஆண்டளவில் பிறந்தவர் ராசசுந்தரி தேவி. பிறந்தகத்தின் வெளிக்கட்டில் சிறுவர்களுக்கான பள்ளி ஒன்று நடைபெற்றது. எட்டு வயதில் அங்கே ஒரு பக்கமாக அமர்ந்திருந்த அவர், சிறுவர் உரக்கச் சொல்லிய எழுத்துகளைச் செவிவழியே மனத்தில் பதித்துக்கொண்டார். அவர் பெற்ற கல்வி அவ்வளவே. பன்னிரண்டாம் வயதில் பரீத்பூர்ப் பகுதியின் ராம்தியா கிராமத்தில், நிலபுலம் மிக்க ஒரு குடும்பத்திற்கு மருமகளாகச் சென்றார்.

மாமியார் நோயுற்றபின் பெருங்குடும்பத்தின் பொறுப்பு முழுவதும் அவர்மீது விழுந்தது. முற்றத்தில் நெற்குவியல், அடுக்களையில் ஓயாத சமையல், பூசைப் பணி, விருந்தினர் வருகை என நாள் கழிந்தது. பன்னிரண்டு மக்களைப் பெற்று, அவருள் எழுவரைத் தம் கண்ணெதிரே பறிகொடுத்தார். விருந்தினரும் பிள்ளைகளும் இடைவிடாது அழைத்தமையால், உண்ண அமரவும் இயலாமல் இரண்டு நாள் பட்டினி கிடந்த நிகழ்ச்சியை அவரே பதிவு செய்துள்ளார்.

களவாகக் கற்ற கல்வி

எழுத்தறிந்த பெண் கைம்பெண் ஆவாள் என்னும் மூடநம்பிக்கை அக்காலத்தில் வேரூன்றி இருந்தது. எனினும் இருபத்தைந்து வயதை ஒட்டி, 'சைதன்ய பாகவதம்' என்னும் நூலைத் தாம் படிப்பதாக அவர் ஒரு கனவு கண்டார். சில நாளில் அந்நூலின் சுவடியே அடுக்களைப் பக்கம் வந்து சேர்ந்தது. அதன் மேற்பலகையில் இருந்த சித்திரத்தை அடையாளமாக மனத்திற்கொண்டு, பிறர் அறியாமல் ஓர் ஏட்டை உருவி மறைத்து வைத்தார். மூத்த மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். ஏட்டின் எழுத்தை ஓலையின் எழுத்தோடும், இரண்டையும் இளமையில் கேட்ட ஒலியோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டு, முக்காட்டின் மறைவில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார். ஆசிரியர் இல்லை, வகுப்பறை இல்லை, அடுப்பின் அருகே கிடைத்த சில நொடிகளே அவர்தம் பள்ளிக்கூடம்.

படிப்பும் எழுத்தும்

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. படிக்கக் கற்ற அவரால் நெடுங்காலம் எழுத இயலவில்லை. ஏனெனில் படிப்பைக் களவாகச் செய்யலாம். எழுத்தைக் களவாகச் செய்தல் அரிது. அதற்குத் தாள் வேண்டும். எழுதுகோலும் மைக்கூடும் வேண்டும். யாவற்றினும் மேலாக ஓரிடத்தில் அமர்ந்திருக்கும் பொழுது வேண்டும். ஓர் ஏட்டை முந்தானையில் மறைக்கலாம். மைக்கூட்டை எங்ஙனம் மறைப்பது?

இந்நிலையை மாற்றியவர் அவர்தம் மகன்களுள் ஒருவரான கிசோரிலால். தம் கடிதங்களுக்குத் தாயிடமிருந்து மறுமொழி வாராமையை வினவிய அவர், தாளும் எழுதுகோலும் மையும் கொணர்ந்து தந்தார். பின்னர்க் கணவரின் மருத்துவத்திற்காகக் கிருஷ்ணநகரில் தங்கியிருந்தபோது வீட்டுப்பணி சற்றே குறைந்தது. அந்த ஓய்விலேதான் அவர் எழுதப் பழகினார்.

1868-இல் கணவரை இழந்தார். அதன்பின் 'என் வாழ்க்கை' எனப் பொருள்படும் 'ஆமார் ஜீபன்' என்னும் தன்வரலாற்றை எழுதினார். 1876-இல் அது நூலாக வெளிவந்தது. வங்காளப் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என இலக்கிய வரலாறு இதனைப் போற்றுகிறது. அத்துடன் அவர் ஓய்ந்துவிடவில்லை. எண்பத்தெட்டு வயதை எட்டிய நிலையிலும் நூலை விரித்து எழுதினார். அவ்விரிந்த பதிப்புக்கு ஜோதீந்திரநாத் தாகூர் முன்னுரை வழங்கினார். 1899-இல் ராசசுந்தரி மறைந்தார்.

எழுதாத கவி

எழுத்தே அறியாத உழவர் குலப் பெண்ணின் நிலை யாது? மராட்டிய மாநிலம் ஜள்காவ் அருகே அசோதா என்னும் ஊரில் 1880-இல் பிறந்தவர் பகிணாபாய் சௌத்ரி. பதின்மூன்று வயதில் மணம். முப்பது வயதில் கைம்மை. வயலில் உழைத்தும் வீட்டில் திரிகை சுற்றியும் அவர் கட்டிய பாடல்கள் பல காற்றோடு போயின. அவருடைய மகன் சோபான்தேவும் உறவினர் ஒருவரும் கேட்டெழுதியவை மட்டுமே எஞ்சின. 1951-இல் அவர் மறைந்தபின், அவற்றைக் கண்ட ஆசார்ய ஆத்ரே வியந்து பாராட்ட, 1952-இல் அவை நூலாயின. 2018-இல் ஜள்காவ் பல்கலைக்கழகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பெற்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் பெயரை ஒரு பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது!

நம் தமிழகத்திலும் இத்தகைய ஆர்வத்திற்குச் சான்று உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாகூர் சித்தி ஜுனைதா பேகம், 1938-இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தைப் படைத்தார். தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையர் அதற்கு அணிந்துரை நல்கினார்.

முடிவுரை

எழுத்தார்வம் பள்ளி தரும் கொடையன்று என்பதும், ஆனால் ஆர்வம் மட்டுமே எழுத்தாகிவிடாது என்பதும் இவ்வரலாறுகளால் புலனாகும். ஆர்வத்திற்கும் நூலுக்கும் இடையே தாளும், ஓய்வும், 'அம்மா, எழுதுங்கள்' என்று கேட்கும் ஒரு குரலும் தேவைப்படுகின்றன. கிசோரிலால் கேட்டார், ராசசுந்தரி கிடைத்தார். சோபான்தேவ் எழுதி வைத்தார், பகிணாபாய் கிடைத்தார். கேட்பாரின்றி மறைந்தோர் எத்தனை பேர் என்பதைக் கணக்கிட வழியில்லை.

1990-களில் அறிவொளி இயக்கம் நம் கிராமத்துப் பெண்கள் பலருக்கு எழுத்தறிவித்தது. எனினும் கையொப்பமிடக் கற்றதோடு நின்றவர் பலர். அவர்கள் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, அந்த அரைமணி நேரத்திற்கு அடுப்படி வேலையையும் மாட்டுக்கொட்டில் வேலையையும் நாம் ஏற்றுக்கொண்டால், அதுவே அவர்களுக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகும். எழுத இயலாத மூத்தோர் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்போமாக. தமிழ் பயிலும் மாணவச் செல்வங்கள் இப்பணியைத் தத்தம் இல்லங்களிலிருந்தே தொடங்கலாம். சீயமங்கலத்துக் கல்வெட்டு பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காத்துநிற்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார்க்கு அவ்வளவு காலம் இல்லை.