வெப்பநிலை நிறுத்தியும் குளிர்நாட்டு வீடும்

பங்குனி வெயிலிலே பனையோலை விசிறியும் கையுமாக வளர்ந்த எம்மவர்க்கு, வீட்டைச் சூடாக்குதல் என்பது ஒரு புதுமையான காரியமேயாகும். ஆயினும், எமது கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்தம் பெற்றோருட் பலர் முதுமைக் காலத்தில் அங்குச் சென்று மக்களோடு தங்கியிருக்கின்றனர். ஆதலின் இப்பொருள் எமக்குத் தொலைவான பொருளன்று. தமிழாசிரியராகிய நாம் மின்னியல் பேசப் புகுந்தமைக்குக் காரணமும் இதுவே.

சென்ற மார்கழி விடுமுறையில் இலண்டனில் வதியும் எம் பழைய மாணவர் ஒருவரின் இல்லத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். அவருடைய அன்னையார் முன்னறையிலே கம்பளியாற் போர்த்துக்கொண்டு, இரண்டு சோடிக் காலுறையுடன் அமர்ந்திருப்பார். “சுவரிலே இருபத்தொன்று எண்டு காட்டுது, மாஸ்டர். என்ரை கால் மட்டும் ஐஸாய்க் கிடக்குது” என்று ஒருநாள் எம்மிடம் கூறினார். மகனோ கருவி பழுதென எண்ணினார். கருவி பழுதன்று என்பது பின்னரே தெரியவந்தது. அதனை விளக்குமுன் இவ்வேற்பாடு தொழிற்படும் முறையை அறிதல் வேண்டும்.

பிரித்தானிய வீடுகள் பலவற்றில் எரிவாயுவால் எரியும் கொதிகலன் ஒன்று உண்டு; அதனைப் பொயிலர் என்பர். அது நீரைச் சூடாக்க, பம்பியொன்று அந்நீரை அறைதோறும் சுவரோரம் நிற்கும் றேடியேற்றர்களுக்குச் செலுத்துகின்றது. சூட்டைக் கொடுத்து ஆறிய நீர் மீண்டும் கொதிகலனை அடைகின்றது. இச்சுற்றோட்டம் எப்பொழுது நிகழவேண்டும், எப்பொழுது நிற்கவேண்டும் என்று கட்டளையிடுவதே வெப்பநிலை நிறுத்தி. ஆங்கிலத்தில் தேமோஸ்ரற் என்ப. வெப்பம், நிற்றல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. அன்றூ யூர் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர் 1830 ஆம் ஆண்டில் ஆக்கவுரிமை பெற்ற கருவிக்கு இப்பெயரை இட்டார். வெவ்வேறளவில் விரியும் இரு உலோகங்களை ஒட்டினால், சூடேறும்போது அவ்விணைப்பு ஒருபக்கம் வளையும். பித்தளை உருக்கினும் மிகுதியாக விரியுமாதலின், இவ்விரண்டையும் இணைத்த கீலம் உருக்குப் பக்கமாக வளைகின்றது. வளைவதைக் கொண்டு மின்சுற்றைத் திறக்கவும் மூடவும் இயலும்.

அதனைப் பள்ளிக்கூடத்திற் பயன்படுத்த முனைந்தவர் ஓர் ஆசிரியரே என்பது எமக்கு மகிழ்ச்சி தருவது. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து வைற்வோற்றர் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் கற்பித்த வொரன் ஜோன்சன் என்பார், வகுப்பறைச் சூட்டைச் சரிசெய்யப் பணியாளர் மீண்டும் மீண்டும் வந்துபோவதைத் தவிர்க்க வழிதேடினார். அறையின் நிலையை மின்வழியே அறிவிக்கும் கருவிக்கு 1883 இல் ஆக்கவுரிமை பெற்றார்.

இனி, மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டிய முதல் உண்மை இது: சாதாரண வெப்பநிலை நிறுத்தி ஓர் ஆளியே, அஃதாவது சுவிச்சே. அறை குறித்த சூட்டினும் குறைந்தால் மூடும், அடைந்தால் திறக்கும். அதனை முப்பது பாகைக்குத் திருப்பினால் அறை விரைவிற் சூடாகும் என்று பலர் கருதுவர். அது தவறு. சூடேறும் வேகம் மாறாது. நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி எரிந்துகொண்டேயிருக்கும். செலவுதான் மிகும்.

கம்பியிணைப்பின் ஒழுங்கை நோக்குவோம். அறைகளுக்கும் குளியல் நீர்த் தொட்டிக்கும் தனித்தனி வால்வு உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். நேரம் குறிக்கும் கருவி, உரிய வேளையில் அறையின் வெப்பநிலை நிறுத்திக்கு மின் அனுப்பும். அறை குளிர்ந்திருந்தால் அது மின்னை வால்வின் மண்ணிறக் கம்பிக்கு விடும். வால்வின் சிறு மோட்டார் சுழன்று வழியைத் திறக்கும். முற்றாகத் திறந்ததும் வால்வினுள் இருக்கும் ஆளி, சாம்பல்நிறக் கம்பியை இளஞ்செம்மஞ்சள்நிறக் கம்பியோடு சேர்க்கும். அக்கம்பி வழியாகவே கொதிகலனும் பம்பியும் கட்டளை பெறும். வழி திறவாமுன் நெருப்பு எரிதல் கூடாது என்பதே இவ்வொழுங்கின் கருத்து. தொட்டிக்கு வேறொரு நிறுத்தி உண்டு. அதனை 60 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும். அதனிற் குறைந்த வெதுவெதுப்பில் லெஜியனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகுதல் கூடும்.

சூட்டிகைக் கருவி எனப்படுவது, இவ்வாளியை இணையத்தோடும் கைத்தொலைபேசியோடும் சேர்த்ததாகும். 2011 இல் அமெரிக்காவில் வெளிவந்த நெஸ்ற் என்னும் கருவி இதனைப் பரவச் செய்தது. வீட்டார் பழக்கத்தைக் கற்றுத் தானே நேரம் வகுத்தல் அதன் புதுமை. ஆயின் 2025 ஒக்ரோபரில் அம்முதற் கருவிக்கு இணைய ஆதரவு நிறுத்தப்பட்டது. சுவரிலே கையால் திருப்பும் வழி எக்கருவியிலும் இருத்தல் நன்று என்பதற்கு இது சான்று.

எம் மாணவர்க்கு ரொறன்ரோவிலுள்ள தமையனார் இத்தகைய கருவி ஒன்றை அன்பளிப்பாக அனுப்பியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கருவியைக் கழற்றிவிட்டு அதனைப் பூட்ட முனைந்தார். வேறு வேலையாக வந்த மின்தொழிலாளர் கண்டு தடுத்தார். வட அமெரிக்க வீடுகளில் வெப்பநிலை நிறுத்திக்குச் செல்வது பெரும்பாலும் 24 உவோற்று; அவ்வீட்டுச் சுவரில் இருந்ததோ 230 உவோற்று. பூட்டியிருப்பின் கருவி எரிந்திருக்கும், தீயும் பற்றியிருக்கலாம். “சேர், வயர் இரண்டும் வயர்தானே எண்டு நினைச்சிட்டன்” என்று அவர் எம்மிடம் சொன்னபோது அவர் கை நடுங்கிற்று.

இதிலிருந்து சில விதிகளை வகுத்துக் கூறுவோம். முதலாவது, 3 அம்பியர் உருகியுள்ள ஆளியை அணைத்து, உருகியையும் கழற்றி வைத்தபின், மின் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதிசெய்க. இரண்டாவது, கழற்றுமுன் படம் பிடித்து, எக்கம்பி எம்முடிவிடத்தில் இருந்தது என எழுதுக. மூன்றாவது, நிறத்தை நம்பற்க. இன்று உயிர்க்கம்பி மண்ணிறம், நொதுமற்கம்பி நீலம், புவிக்கம்பி பச்சையும் மஞ்சளும் என்பது விதி. ஆயினும் நீலக் கம்பியே ஆளியிலிருந்து மீளும் உயிர்க்கம்பியாகப் பயன்பட்ட வீடுகள் பல. 2006 க்கு முற்பட்ட வீடுகளிற் சிவப்பும் கறுப்பும் காணப்படும். நான்காவது, சில கொதிகலன்களின் கட்டளை முடிவிடங்கள் தாழ்ந்த உவோற்றுக்கே உரியன. அங்கே 230 உவோற்றைச் செலுத்தினால் உள்ளேயுள்ள மின்பலகை அழியும். கொதிகலனின் கைந்நூலைப் பாராது தொடற்க. ஐந்தாவது, கொதிகலனின் எரிவாயுப் பகுதியைத் திறத்தல் பிரித்தானியாவில் அதற்கெனப் பதிவு பெற்றவர்க்கே உரியது. கம்பி வேலையையும் ஐயமுள்ளவர் தேர்ந்தவரிடமே விடுதல் தகும்.

பொருத்தியபின் அமைத்தலிலும் அறிவு வேண்டும். இக்காலக் கொதிகலன்கள் புகையிலுள்ள நீராவியை ஒடுக்கி அதன் மறைவெப்பத்தையும் மீட்பன. திரும்பிவரும் நீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழ் இருந்தாலே இது நன்கு நிகழும். ஆதலின் றேடியேற்றர் நீரை அளவுக்கு மிஞ்சிச் சூடாக்குதல் வீண். சில கருவிகள் வெறும் ஆளியாக நில்லாது, எத்துணைச் சூடு வேண்டும் என்பதையே கொதிகலனுக்கு இரண்டு மெல்லிய கம்பிகளால் அறிவிக்கின்றன. இவை சிக்கனம் தருவன.

இனி அன்னையாரின் குளிருக்கு வருவோம். அவ்வீட்டில் வெப்பநிலை நிறுத்தி சமையலறை வாயிலை ஒட்டிய நடையிலே இருந்தது. அவரே காலையில் சோறும் கறியும் ஆக்குவார். அடுப்பின் சூட்டால் நடையில் 21 பாகை ஆகிவிடும். வீடு முழுவதும் சூடாயிற்று என்று கருவி கொதிகலனை நிறுத்திவிடும். சமைத்து முடித்து அவர் சென்று அமரும் அறையோ வடக்கு நோக்கியது, குளிர்ந்தே கிடந்தது. கருவி பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்தின் உண்மையையே சொல்லிற்று. யாருடைய அறையின் உண்மையை நாம் கேட்கிறோம் என்பதன்றோ கேள்வி!

மின்தொழிலாளர், அந்நாட்டுக்குரிய கம்பியில்லாக் கருவி ஒன்றை அன்னையாரின் அறையில், உட்சுவரில், ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயரத்தில், வெயிலும் காற்றும் றேடியேற்றரும் அணுகாத இடத்தில் மாட்டினார். அவ்வறை றேடியேற்றரின் தனி வால்வை முற்றாகத் திறந்துவைத்தார். ஒரே அறையில் இரு நிறுத்திகள் ஒன்றையொன்று மறித்தலாகாது. உலகச் சுகாதார தாபனம் 2018 இல் வீடுகளுக்குக் குறைந்தது 18 பாகை வேண்டும் என்றும், முதியோர்க்கு அதனினும் கூடுதலாக வேண்டியிருக்கும் என்றும் அறிவுறுத்தியது. அவ்வறைக்கு 21 பாகை குறிக்கப்பட்டது.

மகனின் கைத்தொலைபேசியிலே எல்லாம் இருந்தும் அன்னையார்க்கு அதனாற் பயனில்லை. எனவே நாம் எம்மாலியன்ற ஒன்றைச் செய்தோம். “குளிர்ந்தால் வலப்பக்கம் திருப்புக, சூடு மிகுந்தால் இடப்பக்கம் திருப்புக” எனப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிக் கருவியின் அருகே ஒட்டினோம். இத்துணைப் பொறிகளிலும் அவருக்குப் பயன்பட்டது அக்காகிதத் துண்டே என மகன் நகைத்தார்.

குளிர்நாட்டில் வாழும் பழைய மாணவரே! இவ்விழா மலரைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டு முதியோர் இருக்கும் அறையிற் சிறிதுநேரம் அமர்ந்து பாருங்கள். சுவரிலுள்ள எண்ணை மாத்திரம் பாராது, அவர்தம் கையையும் தொட்டுப் பாருங்கள். அதுவே எல்லாவற்றினும் நம்பத்தகுந்த வெப்பமானி.