மேன்செஸ்டர்ல மேட்ச், மேடவாக்கத்துல ஈஎம்ஐ: ஃபுட்பால் ஃபேன்ஸுக்கு ஒரு சிஏவோட கணக்கு



2008 மே மாசம். நான் சிஏ ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிக்கிட்டு இருந்த சமயம். மாஸ்கோவுல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், மேன்செஸ்டர் யுனைடெட் - செல்சி. நம்ம ஊர் நேரத்துக்கு ராத்திரி 12:15-க்கு ஆரம்பம். ஜான் டெர்ரி சறுக்கி விழுந்து பெனால்டியை போஸ்ட்டுல அடிச்சு, கடைசியா வான் டெர் சார் அனெல்காவோட ஷாட்டைத் தடுத்து, எல்லாம் முடியறப்போ மணி மூணு ஆகிடுச்சு. அன்னிக்குக் காலையில கிளையன்ட் ஆபீஸ்ல வவுச்சர் கட்டு மேல தலையை வெச்சுத் தூங்கினேன். சீனியர்கிட்ட வாங்கின திட்டு தனிக்கதை.

இத்தனை வருஷத்துல யுனைடெட் என்னை எவ்வளவு அழ வெச்சிருக்குன்னு ஃபுட்பால் பாக்கறவங்களுக்குத் தெரியும். அதை விடுங்க. இன்னிக்குப் பேசப் போறது பணம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கிளப்பை நேசிக்கிறதுக்கு நம்ம சம்பளத்துல இருந்து என்னென்ன போகுது, அதுல எது வருமான வரித் துறை வரைக்கும் நம்மளை இழுத்துட்டுப் போகும்?

முதல்ல ஒரு நல்ல செய்தி. டிவியில மேட்ச் பாக்கற விஷயத்துல நாம இங்கிலாந்துக்காரங்களை விட அதிர்ஷ்டசாலிங்க. அங்க சனிக்கிழமை மதியம் 2:45-ல இருந்து 5:15 வரைக்கும் எந்த மேட்ச்சையும் நேரலையா டிவியில காட்டக் கூடாதுன்னு பழைய கட்டுப்பாடு ஒண்ணு இருக்கு. ஸ்டேடியத்துக்குக் கூட்டம் குறையக் கூடாதுன்னு வெச்சது. அதனால மூணு மணி மேட்ச்சை மேன்செஸ்டர்ல இருக்கிறவர் வீட்டு சோஃபாவுல உக்காந்து பாக்க முடியாது. மேடவாக்கத்துல இருக்கிற நீங்க சாயங்காலம் 7:30-க்கு (அவங்க குளிர்காலத்துல 8:30-க்கு) பஜ்ஜியோட பாக்கலாம். 2022-25 டிவி ஒப்பந்தத்துல, பிரீமியர் லீக்குக்கு வெளிநாட்டுல இருந்து வர்ற வருமானம் முதல் முறையா உள்நாட்டு வருமானத்தைத் தாண்டிடுச்சு. அதாவது நம்ம சந்தா காசு அந்த லீக்குக்கு நிஜமாவே முக்கியம். நம்மளை எந்த அளவுக்குக் குறி வெச்சு விப்பாங்கன்னு இதுலயே புரிஞ்சுக்கலாம்.

"ப்ரோ, நான் யுனைடெட்டோட ஓனர்!"

போன டிசம்பர்ல ஒரு பையன் என்கிட்ட வந்தார். 27 வயசு, ஐடி கம்பெனி. வருமான வரித் துறையில இருந்து ஒரு எஸ்எம்எஸ்: "உங்களிடம் வெளிநாட்டுச் சொத்து இருப்பதாகத் தகவல் வந்துள்ளது, உங்கள் ரிட்டர்னைச் சரிபாருங்கள்" என்கிற மாதிரி. மனுஷன் ரெண்டு நாளா தூங்கலை. "ப்ரோ, எனக்கு ஊர்லயே சொத்து கிடையாது, வெளிநாட்டுல எங்க இருந்து வரும்?"னு கேட்டார்.

பேசிப் பாத்தா விஷயம் வெளிய வந்துச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி பிறந்தநாளுக்குத் தனக்குத் தானே பரிசா, ஒரு ஆப் வழியா மேன்செஸ்டர் யுனைடெட்டோட 6 ஷேர் வாங்கியிருக்கார். கிளப் 2012 ஆகஸ்ட்ல நியூயார்க் பங்குச் சந்தையில 14 டாலர் விலைக்கு லிஸ்ட் ஆச்சு. யார் வேணா வாங்கலாம், தப்பே இல்லை. வாங்கினதை ரிட்டர்ன்ல காட்டலை, அதுதான் தப்பு. வருஷா வருஷம் ஐடிஆர்-1 போட்டிருக்கார். வெளிநாட்டு ஷேர் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் ஐடிஆர்-1 போடக் கூடாது. ஐடிஆர்-2 போட்டு, அதுல ஷெட்யூல் எஃப்ஏன்னு ஒரு பகுதி இருக்கும், அங்க காட்டணும். வித்திருக்கீங்களா, லாபம் வந்துச்சாங்கிற கேள்வியே இல்லை. வெச்சிருந்தாலே காட்டணும்.

இதுல ரெண்டு சிக்கல் எல்லாரையும் தடுக்கி விடும். ஷெட்யூல் எஃப்ஏவுக்குக் கணக்கு ஏப்ரல் - மார்ச் கிடையாது, ஜனவரி - டிசம்பர். அடுத்தது நாடு. ஷேர் வியாபாரம் ஆகறது நியூயார்க்ல, மைதானம் இருக்கிறது மேன்செஸ்டர்ல, ஆனா அந்த பிஎல்சி கம்பெனி பதிவாகியிருக்கிறது கேமன் தீவுகள்ல! நான் சொன்னப்போ அந்தப் பையன் முகத்தைப் பாக்கணுமே. "ப்ரோ, நான் கேமன் தீவுல சொத்து வெச்சிருக்கிற ஆளா?"ன்னார். ஆமாம் தம்பி, 6 ஷேர் அளவுக்கு.

காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கு. 2024 அக்டோபர் 1-ல இருந்து ஒரு சலுகை குடுத்திருக்காங்க: அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டலைன்னா அந்த அபராதம் வராது. நம்ம ஆளுக்கு மூச்சு வந்ததே அதுல தான். ஆனா "அபராதம் இல்லை"ன்னா "காட்ட வேண்டாம்"னு அர்த்தம் ஆகாது. டிசம்பர் 31-க்குள்ள திருத்தின ரிட்டர்ன் போட்டு அந்த வருஷத்தைச் சரி பண்ணினோம்.

சரி, இந்த ஷேர் முதலீடா எப்படி? 2012-ல 14 டாலர். 2025-லயும் பெரும்பாலான நாள் 13-ல இருந்து 18 டாலருக்குள்ள தான் சுத்திச்சு. நடுவுல 16-ன்னு வெச்சுக்குங்க. ரூபாய்க் கணக்குல அன்னிக்கு டாலர் சுமார் 55, அதாவது ஒரு ஷேர் 770 ரூபாய். டாலர் 88-ன்னு போட்டா 2025-ல 1,408. 13 வருஷத்துல வருஷத்துக்கு நாலே முக்கால் சதவீதம். அதுலயும் பெரும்பகுதி ரூபாய் விழுந்ததால வந்தது, ஷேர் ஏறினதால வந்தது கொஞ்சம் தான். நடுவுல வந்த டிவிடெண்டைச் சேத்தாலும் இதை முதலீடுன்னு உங்க வீட்டுல சொல்லிடாதீங்க.

"காசு முக்கியமில்லை, கிளப்புல எனக்கும் ஒரு வோட்டு"ன்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. நம்ம கைக்கு வர்றது கிளாஸ் ஏ ஷேர், அதுக்கு ஒரு வோட்டு. கிளேசர் குடும்பம் வெச்சிருக்கிற கிளாஸ் பி ஷேருக்கு, ஒண்ணுக்குப் பத்து வோட்டு. 2005-ல அவங்க கிளப்பை வாங்கின கடனைக் கிளப் தலையிலேயே கட்டினப்போ, கோபப்பட்ட உள்ளூர் ரசிகர்கள் தனியாப் போய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மேன்செஸ்டர்னு ஒரு கிளப்பே ஆரம்பிச்சாங்க. அங்க ஒரு உறுப்பினருக்கு ஒரு வோட்டு. வோட்டு தான் ஆசைன்னா அந்தப் பக்கம் பாருங்க. ரொனால்டோ எல்லாம் வரமாட்டார், அவ்வளவு தான்.

டோக்கன் வாங்கின ரூம்மேட்

அதே பையனோட ரூம்மேட் ஆர்சனல் ஃபேன். அவர் வாங்கினது ஃபேன் டோக்கன். கிளப் நடத்துற சின்னச் சின்ன வாக்கெடுப்புல ஓட்டுப் போடலாம்னு சொல்லி விக்கிற கிரிப்டோ சமாச்சாரம். 2021 டிசம்பர்ல ஆர்சனலோட டோக்கன் விளம்பரங்களை பிரிட்டன்ல விளம்பரக் கண்காணிப்பு அமைப்பே தப்புன்னு சொல்லிடுச்சு, கிரிப்டோ முதலீட்டை விளையாட்டா நினைக்க வெக்குதுன்னு. நம்ம ஊர்ல இது விர்ச்சுவல் டிஜிட்டல் சொத்து. லாபத்துக்கு 30% வரி. நஷ்டம் வந்தா? வேற கிரிப்டோ லாபத்தோட கூட கழிச்சுக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் எடுத்துட்டுப் போக முடியாது. லாபத்துல அரசாங்கம் பங்குக்கு வரும், நஷ்டத்துல நீங்க தனியாள். வேண்டாம்னு தான் சொல்வேன்.

பெட்டிங் பத்தி ரெண்டு வரி. வெளிநாட்டு பெட்டிங் சைட்டுக்குப் பணம் அனுப்பறது ஃபெமா விதியில தடை. 2000-ல வந்த நடப்புக் கணக்கு விதிகள்ல தடை பண்ணின பட்டியல்ல லாட்டரியோட சேத்து "ஃபுட்பால் பூல்ஸ்"னு பேர் சொல்லியே எழுதியிருக்காங்க. 2025 ஆகஸ்ட்ல பணம் வெச்சு ஆடுற ஆன்லைன் கேம்களுக்கு மத்திய அரசு தடைச் சட்டமும் வந்துடுச்சு. டெலிகிராம்ல எவனாவது லிங்க் குடுத்தா தொடாதீங்க.

கேங்கா ஓல்ட் டிராஃபோர்ட் போறீங்களா? காசு யார் அக்கவுண்ட்ல?

இது தான் நான் நிறைய நேரம் பேச விரும்பற இடம். ஃபேன் குரூப்னா கட்டாயம் ஒருத்தர் மாட்டுவார். ஸ்க்ரீனிங் காசு, ஜெர்சி காசு, டூர் காசு எல்லாம் அவரோட ஜிபேக்கு வரும். நல்ல மனுஷன், நம்பிக்கையானவர். அவர் தலையில தான் எல்லாம் விடியும்.

ஒரு கணக்குப் போடுவோம். 12 பேர் சேந்து டூர் பேக்கேஜ் எடுக்கறீங்க. ஆளுக்கு ஒன்றரை லட்சம், மொத்தம் 18 லட்சம். நம்ம நல்ல மனுஷன் தன்னோட பான் நம்பர் குடுத்து மொத்தமாக் கட்டறார். 2025-26 நிதியாண்டு விதிப்படி டூர் பேக்கேஜுக்கு முதல் 10 லட்சம் வரைக்கும் 5% டிசிஎஸ், அதுக்கு மேல 20% இருந்துச்சு. அந்தக் கணக்குல 50,000 கூட்டல் 1,60,000, ஆக 2,10,000 ரூபாய் கூடுதலாப் பிடிச்சிருப்பாங்க. அதே 12 பேரும் அவங்கவங்க பான்ல கட்டியிருந்தா ஆளுக்கு 7,500, மொத்தம் 90,000 தான்.

டிசிஎஸ் செலவு இல்லை, முன்கூட்டிக் கட்டின வரி, திரும்ப வரும். சரி தான். ஆனா யாருக்கு வரும்? யார் பான்ல பிடிச்சாங்களோ அவருக்கு. எப்போ வரும்? ரிட்டர்ன் போட்டு, ப்ராசஸ் ஆன பிறகு. அதுவரைக்கும் 11 பேரும் "மச்சான், ரீஃபண்ட் வந்துச்சா?"ன்னு கேப்பாங்க. இன்னொரு பக்கம், வருஷம் 9 லட்சம் சம்பளம் வாங்கறவர் பேர்ல 18 லட்சம் வெளிநாட்டு டூர்னு ஏஐஎஸ்ல பதிவாகி நிக்கும். துறை கேள்வி கேட்டா, வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் தேடி எடுத்து விளக்கம் சொல்ல வேண்டியது அவர் தான். அதனால ஒருத்தர் ஒருங்கிணைக்கலாம், பணம் மட்டும் அவங்கவங்க அக்கவுண்ட்ல இருந்து, அவங்கவங்க பான்ல போகட்டும்.

தனித்தனியாக் கட்டின டிசிஎஸ்ஸுக்கு இன்னொரு வழியும் இருக்கு. 2024 அக்டோபர்ல இதுக்காக 12பிஏஏன்னு ஒரு படிவம் கொண்டு வந்தாங்க. டிசிஎஸ் விவரத்தை ஹெச்ஆர்கிட்ட குடுத்தா, அந்தத் தொகையைக் கழிச்சுட்டு மிச்ச டிடிஎஸ் மட்டும் சம்பளத்துல பிடிப்பாங்க. ஆனா புது வரி முறையில 12.75 லட்சம் வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு டிடிஎஸ்ஸே இருக்காதே. அவங்க ரிட்டர்ன் போட்டுத் தான் வாங்கணும். "எனக்குத் தான் வரி இல்லையே, எதுக்கு ரிட்டர்ன்"னு விட்டீங்கன்னா அந்த டிசிஎஸ் போச்சு.

குரூப்புக்கு நிரந்தர நிதி இருக்கா? அப்போ தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ல பதிவு பண்ணிடுங்க. ஏழு பேர் போதும். சங்கத்துக்குத் தனி பான், தனி பேங்க் அக்கவுண்ட், ரெண்டு பேர் கையெழுத்து. உறுப்பினர்கள் தங்களுக்குள்ளயே போட்டுச் செலவு பண்ற சந்தா பொதுவா வருமானமா ஆகாது. வெளியாளுக்கு டிக்கெட் வித்து ஸ்க்ரீனிங் போட்டா கதை வேற, அப்போ ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

போறதுன்னு முடிவு பண்ணிட்டா

டிக்கெட்டைக் கிளப்போட மெம்பர்ஷிப் வழியா, இல்லைன்னா கிளப்பே அங்கீகரிச்ச பேக்கேஜ் வழியா மட்டும் வாங்குங்க. இங்கிலாந்துல அனுமதி இல்லாம ஃபுட்பால் டிக்கெட்டை மறுவிற்பனை பண்றது 1994 சட்டப்படி குற்றம். ஃபேஸ்புக்ல "ஸ்பேர் டிக்கெட் இருக்கு"ன்னு சொல்றவருக்கு அட்வான்ஸ் அனுப்பி, கேட் வாசல்ல நின்னு அழுதவங்க இருக்காங்க.

டிவிக்காக மேட்ச் தேதி மாறும். சனிக்கிழமைன்னு போட்டது ஞாயிறோ திங்களோ ஆகலாம். மாத்த முடியாத மலிவு ஃப்ளைட் டிக்கெட் எடுத்துட்டு மேட்ச் நடக்கறப்போ துபாய்ல கனெக்‌ஷனுக்கு உக்காந்திருக்காதீங்க. முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள் இடம் விடுங்க. விசா கட்டணம் 2025 ஏப்ரல்ல 127 பவுண்டு ஆச்சு, பவுண்டு 115-ன்னா ஏறக்குறைய 14,600 ரூபாய். மறுத்தா திரும்ப வராது. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் நண்பர்கிட்ட கைமாத்து வாங்கி அக்கவுண்ட்டை நிரப்பாதீங்க, ஆறு மாச ஸ்டேட்மென்ட்ல அது தனியாத் துருத்திக்கிட்டுத் தெரியும். அங்க கார்டு தேய்க்கறப்போ மெஷின் "ரூபாயா, பவுண்டா"ன்னு கேட்டா பவுண்டுன்னு அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா அவங்க வெச்ச ரேட்டுல கூடுதலா உருவிடுவாங்க.

காசுக்கு பர்சனல் லோன் வேண்டாம். மாசம் 8,000 ரூபாய்க்கு 24 மாச ஆர்டி போடுங்க. ஆறரை சதவீத வட்டியில முடிவுல 2,05,000 பக்கம் வரும். ஈக்விட்டி ஃபண்டுல போடாதீங்க. ஃபிக்ஸ்சர் தேதி நெருங்கறப்போ மார்க்கெட் விழுந்தா, மேட்ச்சை யாரும் உங்களுக்காகத் தள்ளி வெக்க மாட்டாங்க.

இந்த ஆர்டியை நானே ரெண்டு தடவை ஆரம்பிச்சிருக்கேன். முதல் தடவை தங்கச்சி கல்யாணத்துக்கு உடைச்சேன். ரெண்டாவது தடவை அப்பாவுக்கு ஆபரேஷன். இன்னும் ஓல்ட் டிராஃபோர்ட் பாத்ததில்லை. ரெண்டு தடவையும் கடன் வாங்காம சமாளிச்சேன், அதுல வருத்தம் இல்லை. மூணாவது ஆர்டி இப்போ 9-வது மாசம் ஓடுது.

ஷெட்யூல் எஃப்ஏவுல எந்தக் கட்டத்துல என்ன போடணும்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன் காட்டியே சொல்றேன். உங்க ஆப்ல இருந்து ஜனவரி - டிசம்பர் ஸ்டேட்மென்ட்டை இப்பவே டவுன்லோட் பண்ணி வெச்சுக்குங்க, அதுல வருஷத்தோட உச்ச மதிப்பும் டிசம்பர் 31 மதிப்பும் நமக்கு வேணும்.